ஆற்றோரம் ஓடிய தேயிலை ரயில்

கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலுக்கு ரயில் வந்தது 1979 ஏப்ரலில். திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதை அப்போதுதான் திறக்கப்பட்டது. ஆனால் இரணியலை ஆண்ட அதே திருவிதாங்கூரின் இன்னொரு கோடியில், மூணாற்று மலையில், 1908-லேயே நீராவி எஞ்சின் புகை விட்டுக்கொண்டு ஆற்றோரமாக ஓடிக்கொண்டிருந்தது. தலைநகரான திருவனந்தபுரத்தையே ரயில் 1918-இல்தான் எட்டிற்று. மூணாறு பத்து வருடம் முந்திக்கொண்டதற்குக் காரணம் தேயிலை.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு காடு தோட்டமாயிற்று. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் மலையேறினார்கள். தேயிலையைக் கீழே இறக்கித் தூத்துக்குடித் துறைமுகத்தில் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

1902-இல் அதற்கொரு வினோதமான வழி கண்டார்கள். தரையில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரம் முழுக்க அநேகமாக அதன்மேல். சாய்ந்துவிடாமல் தாங்கிக்கொள்ள, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்ணில் உருளும். இழுப்பது காளைகள். இதே முறையில் சில வருடங்களுக்குப் பின் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய வண்டி, இன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூணாற்று வண்டிக்கு அந்த யோகம் இல்லை. 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டு எஞ்சினை ஓடவிட்டார்கள்.

மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று குண்டளைப் பள்ளத்தாக்கில் அந்த ரயில் போயிற்று. இன்று மேகம் பார்க்கக் கூட்டம் கூடும் டாப் ஸ்டேஷன் அன்று நிஜமாகவே ரயில் நிலையம். அங்கிருந்து பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர்.

1924 ஜூலையில் மழை கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099. திருவிதாங்கூர் முழுக்க ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று தலைமுறைகளாகப் பேசப்பட்ட மழை அது. மலை சரிந்தது, பாலங்கள் போயின, தண்டவாளம் ஆற்றோடு போயிற்று. திரும்பப் போட யாரும் முன்வரவில்லை. மூணாறு நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

இந்த மலைக்காக இரணியல் பக்கத்துக் கல்குளம், விளவங்கோடு தாலுகா மக்களும் குரல் கொடுத்திருக்கிறார்கள். மூணாறு அடங்கிய தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியபோது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று இரணியல் தமிழகத்துக்கு வந்தது. ரயில் ஓடிய மலை கேரளத்தில் நின்றுவிட்டது.

பழைய ரயில் தடம் பெரும்பாலும் இன்றைய டாப் ஸ்டேஷன் சாலைக்குள் அடங்கிவிட்டது. சைக்கிள்காரர்களுக்கு அது லாபம். எஞ்சினால் செங்குத்து ஏற்றம் ஏற முடியாது என்பதால், ரயில் தடம் போட்டவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல உயர்த்தினார்கள். ரயில் ஓடிய வழியில் மூச்சுத் திணறாமல் மிதிக்கலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், 1967-இல் பயணிகள் ரயில் நின்றுபோன வேட்பிரிட்ஜ்–பாட்ஸ்டோ தடத்தை ஆற்றோர சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ‘கேமல் டிரெயில்’ என்று பெயர். குழந்தைகள்கூட அதில் ஓட்டிப் போகிறார்கள்.

மூணாற்றில் சைக்கிளுக்கு அப்படித் தனிப்பாதை இல்லை; ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கித்தான் ஓட்ட வேண்டும். குறைந்தபட்சம் மாட்டுப்பட்டி வரையாவது சாலையோரம் ஒரு சைக்கிள் தடம் போடலாம். நிலையங்கள் இருந்த இடங்களில், ரயில் ஓடிய கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகைகளைக் கேரள அரசு நட வேண்டும்.