செப்பேடும் இசைத்தட்டும்

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வட எல்லையாக வேங்கட மலையைக் குறித்துச் சென்றது தொல்காப்பியப் பாயிரம். அம்மலையின் அடிவாரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நமக்கு இரு மொழிகளும் வீட்டு மொழிகளே. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைத்தனர். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. ஆட்சியாளர் வரைந்த கோடுகள் இவ்வாறு மாறிமாறி வந்தபோதிலும், பாட்டும் கூத்தும் அக்கோடுகளைப் பொருட்படுத்தியதில்லை. இம்மாவட்டத்துத் தர்மராஜர் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதக் கதைப் பொழிவும் இரவில் கூத்தும் நாடகமும் நடைபெறுதலை நாம் அறிவோம். விடியுமளவும் விழித்திருந்து அவற்றைக் கண்ட தலைமுறையினரின் வழியில் வந்தவர்கள் நாம்.

அத்தலைமுறையினர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் ஒன்று, பலருடைய வீட்டுப் பரணில் தூசு படிந்து கிடக்கின்றது. அஃது என்னவெனின், பழைய நாடகப் பாடல்கள் பதிந்த கிராமபோன் இசைத்தட்டு. அதன் வரலாற்றையும் மதிப்பையும் ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் நாடக மேடையும் தெலுங்கு நாடக மேடையும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை. பல்லாரியிலிருந்து தர்மவரம் ராமகிருஷ்ணமாசார்யலு தம் சரச விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்துக் காட்டினார். அவற்றைக் கண்டு ஊக்கமுற்ற பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். தென்பாண்டி நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாட்டே உயிராக அமைந்த நாடகங்களை இயற்றி, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றினார். நம் சித்தூரிலோ ராமவிலாச சபை தெலுங்கு நாடகங்களை வளர்த்தது. அச்சபையின் மேடையில் பாடி நடித்து, ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னே தாங்கியவர் வி. நாகய்யா (1904–1973). பின்னர் அவர் தமிழில் ‘அசோக்குமார்’ (1941), தெலுங்கில் ‘பக்த போதனா’, ‘தியாகய்யா’ (1946) முதலிய படங்களில் நடித்து இரு மொழி மக்களுக்கும் உரியவரானார். அவர் குரலைத் திரைப்படம் காத்தது. அவரோடு மேடையேறிய எத்தனையோ பேருக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

மேடைக் குரலைக் காக்கும் கருவி திரைப்படத்திற்கு முன்பே நம் நாட்டிற்கு வந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியாரின் பாட்டைக் கிராமபோன் கம்பெனியார் பதிவு செய்தனர். அந்நாளில் இங்கே பாடியதை ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்கு அனுப்பி, அங்கே தட்டாக வார்த்து மீண்டும் கப்பலில் கொண்டுவந்தனர். 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமைந்தது. தட்டு செய்வதற்கு இன்றியமையாத அரக்கோ நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்து வைப்பது. நம் காட்டு அரக்கு கடல் கடந்து சென்று நம் பாட்டையே சுமந்து திரும்பியது என்பது எண்ணி வியத்தற்குரிய செய்தியன்றோ?

1925ஆம் ஆண்டு வரையில் மின்சார ஒலிவாங்கி இதற்குப் பயன்படவில்லை. பாடுவோர் ஒரு பெரிய ஊதுகுழாயின் வாயருகே நின்று உரத்துப் பாடுதல் வேண்டும். மெல்லிய குரலினர் இதற்கு அஞ்சினர். நம் நாடக நடிகர்களோ ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி உச்சத் தாயியில் பாடிப் பழகியவர்கள். ஆதலால் ஊதுகுழாய் அவர்களுக்கு ஒரு தடையாகத் தோன்றியிராது.

ஆயினும் காலத்தின் அளவு அவர்களை நெருக்கியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே ஓடும். மேடையில் ஒரே விருத்தத்தைக் கால் மணி நேரம் விரித்துப் பாடியவர், தட்டில் அதன் சாரத்தை மட்டும் பிழிந்து தர வேண்டியதாயிற்று. 1930களில் முழு நாடகத்தையும் உரையாடலோடும் பாட்டோடும் சுருக்கிச் சில தட்டுகளில் அடக்கி ‘நாடக செட்’ என விற்கும் வழக்கம் பெருகியது. ஓடியன் தட்டுகளை வெளியிட்ட சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் இத்துறையில் முன்னின்றது. அதனை நடத்தியவர்களுள் ஒருவரான ஏ.வி. மெய்யப்பன் பின்னர்ப் படத்தொழிலில் இறங்கி ஏவி.எம். நிறுவனத்தைக் கண்டார். தெலுங்கு நாடகப் பத்தியங்களும் அவ்வாறே தட்டுகளில் ஏறி, ஊர் ஊராய் ஒலித்தன.

இத்தட்டுகளின் அருமையை உணர எஸ்.ஜி. கிட்டப்பா ஒருவரின் வரலாறே போதும். 1906இல் செங்கோட்டையில் பிறந்த அவர் சிறு பிராயத்திலேயே மேடையேறினார். கே.பி. சுந்தராம்பாளும் அவரும் இணைந்து நடித்த ‘வள்ளி திருமணம்’ முதலிய நாடகங்களுக்கு மக்கள் திரள் திரளாய்க் கூடினர். 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழாம் வயதில், கிட்டப்பா மறைந்தார். தமிழின் முதற் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளியாகி அப்போது இரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியதோ 1938இல். எனவே, அவர் குரல் எத்தகையது என்று நம் பேரப்பிள்ளைகள் வினவினால், எடுத்துக் காட்டுவதற்கு இசைத்தட்டு ஒன்றே உண்டு. தட்டு அழியுமாயின் குரலும் அழியும்.

இவ்விடத்தில் நம் திருப்பதிக்கே உரிய மற்றொரு தட்டினை நினைவுகூர்தல் பொருந்தும். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) வேங்கடவன் மீது பாடிய சங்கீர்த்தனங்களை அவர் வழியினர் 16ஆம் நூற்றாண்டில் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் வைத்தனர். ஏறத்தாழ 2,300 ஏடுகள் கொண்ட அத்தொகுதி நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிச்சத்திற்கு வந்தது. செம்பு தன் கடமையைச் செவ்வனே செய்தது, சொற்கள் பிழைத்தன. ஏட்டில் ஒவ்வொரு பாட்டிற்கும் இராகத்தின் பெயரும் உண்டு. ஆனால் சுரக்குறிப்பு இல்லை. ஆகையால் பெரும்பாலான பாடல்களின் பழைய மெட்டு மறைந்துபோயிற்று. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி முதலிய சான்றோர் புதியனவாக மெட்டமைத்த பின்னரே அவற்றுட் பல மீண்டும் பாட்டாயின. 1980ஐ ஒட்டி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடித் திருப்பதி தேவஸ்தானத்தின் சார்பில் ஐந்து எல்.பி. தட்டுகளாக வந்த ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’, செப்பேட்டிலிருந்து வினைல் தட்டிற்கு வந்த அத்தகைய பாடல்களை வீடுதோறும் ஒலிக்கச் செய்தது.

நாடகப் பாடல்களின் நிலையும் இதனையே ஒத்தது. அக்காலத்தில் காலணாவிற்கும் அரையணாவிற்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களில் சொற்கள் அச்சாகியுள்ளன. மெட்டிற்கு, ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்ற ஒரு குறிப்பே இருக்கும். அந்த ‘இன்ன பாட்டு’ மறைந்துவிடின், குறிப்பினால் பயன் யாது? பூட்டு இருக்கின்றது, திறவுகோல் இல்லை. சொல்லைக் காகிதம் காத்தது. மெட்டையும் குரலையும் ஆர்மோனியத்தின் நடையையும் அரக்குத் தட்டே காத்தது. திருமலைச் செப்பேட்டிற்குக் கிட்டாத பேறு நாடகத்திற்குக் கிட்டியும், அதனை நாமே பரணில் பாழாக்குதல் தகுமா?

மேலைநாட்டார் இவ்வகைத் தட்டுகளைப் பெரிதும் மதிக்கின்றனர். 1943இல் நியூயார்க் நகரில் அரங்கேறிய ‘ஓக்லஹோமா!’ என்னும் இசை நாடகத்தின் பாடல்களை, மேடையில் பாடியவர்களையே கொண்டு டெக்கா நிறுவனத்தார் அவ்வாண்டிலேயே ஆறு தட்டுகளில் வெளியிட்டனர். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டினை வழக்கிற்குக் கொண்டுவந்தபின், ஒரு நாடகம் ஒரே தட்டில் அடங்கலாயிற்று. அங்குள்ள சேகரிப்பாளர் முதற்பதிப்பு எது, மூல நடிகர் பாடியது எது, உறையும் குறிப்பேடும் உள்ளனவா என ஆராய்ந்து விலை பேசுவர். நம் நாடக செட்டுகள் அவர்களுடைய அத்தொகுதிக்கு முற்பட்டவை.

ஒரு தட்டின் மதிப்பை எவ்வாறு அறிவது? விலை அதிகமானது மதிப்பு மிகுந்தது என்று கொள்ளலாகாது. புகழ்பெற்ற திரைப்பாடல் தட்டினை விரும்பி வாங்குவோர் பலர். ஆனால் அப்பாடல் வேறு வடிவங்களிலும் கிடைக்கும். பெயர் மறந்துபோன ஒரு நாடக நடிகையின் தட்டிற்குக் கடைக்காரர் கொடுப்பது சிறு தொகையாயிருக்கலாம். அக்குரல் உலகில் வேறெங்கும் இல்லாமலும் இருக்கலாம். முதலில் நடுவிலுள்ள காகித வில்லையைப் படித்தல் வேண்டும். கம்பெனியின் பெயர், தட்டின் எண், பாடியவர், நாடகம், இராகம் ஆகியவை அதில் இருக்கும். வில்லையை ஒட்டி அரக்கிலேயே பொறித்த எண்ணொன்றும் காணப்படும். அது பதிவினைக் குறிப்பது, காலத்தை அறியப் பேருதவி புரிவது. செட்டாயின் எல்லாத் தட்டுகளும் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். வரிப்பள்ளங்கள் சாம்பல் நிறமாக வெளுத்திருப்பின், தேய்ந்த எஃகு ஊசியால் பன்முறை ஓட்டிய தட்டு எனத் தெளியலாம்.

கேட்கும்போதும் ஒரு கவனம் தேவை. நிமிடத்திற்கு 78 சுற்று என்பது பின்னர் நிலைபெற்ற அளவு. தொடக்க காலத் தட்டுகளுட் சில அதனின் குறைந்தோ மிகுந்தோ ஓடும்படி பதிவானவை. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும். பழைய நடிகர் இத்தனை கட்டையில் பாடினார் என்று வாதிடுவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

அழிவோ பலவாறு நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு அரிதாகவே, 1942இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டைக் குறைத்தது. பழைய தட்டுகளை உருக்கிப் புதியன செய்தனர். சென்னையில் பழம்பொருள் தேடுவோரின் புகலிடமாயிருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. இவற்றினும் பெரிய அழிவு வீடு மாறும்போதும் பாகம் பிரிக்கும்போதும் நேர்கின்றது. எடைக்கு எடை போட்ட தட்டினை எந்தப் பொருள் கொடுத்தும் மீட்க இயலாது.

காத்தல் கடினமன்று. அரக்குத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஸ்பிரிட் கொண்டு துடைத்தல் கூடாது. அரக்கு அதில் கரையும். எல்.பி. தட்டின் நுண்ணிய ஊசியை அகன்ற பள்ளமுடைய பழந்தட்டில் வைத்தலும் தகாது. சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு இசைத்தட்டுகளையும் பேணி வருகின்றது. பன்மொழித் தட்டுகளைத் திரட்டிய வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற தனிமனிதரின் தொண்டும் போற்றுதற்குரியது.

நம் சங்கமும் தன்னால் இயன்றதைச் செய்யலாம். உறுப்பினர் தத்தம் இல்லத்திலுள்ள தட்டுகளின் எண், பெயர், நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தால், அடுத்த ஆண்டு விழாவிற்குள் ஒரு பட்டியல் உருவாகும். தமிழ்த் தட்டென்றும் தெலுங்குத் தட்டென்றும் அதில் வேற்றுமை வேண்டா. வில்லை கிழிந்த தட்டினையும் ஓட்டிக் காட்டினால், ‘இது பவளக்கொடி, இன்னார் பாட்டு’ என்று அடையாளம் சொல்லவல்ல முதியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே அப்பட்டியலை எழுதி முடித்தல் நம் கடமை. தட்டு சில காலம் காத்திருக்கும். அதன் பெயரறிந்தவர் எத்துணைக் காலம் காத்திருப்பர்?