கல்நாரும் காலக் கெடுவும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால், புல் வேய்ந்த குடிசைகளுக்கு நடுவே சாம்பல் நிறத் தகடு போட்ட கூரைகளையும் காணலாம். உங்கள் ஊரிலும் மாட்டுக்கொட்டகைக்கோ தறிக்கூடத்துக்கோ போட்டிருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்கிறோமே, அதுதான். அதில் சிமெண்டோடு கலந்திருக்கும் கனிமத்துக்குக் கல்நார் என்று பெயர். கல்லாகவும் இருக்கிறது, நாராகவும் பிரிகிறது. பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்தாம்! கூரையில் சும்மா கிடக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. தகட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆலையில் நாரைக் கொட்டிக் கலக்கும்போதும், கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு உள்ளே போகின்றன.

போன இழை உடனே எதையும் காட்டிக்கொள்வதில்லை. நுரையீரலை இறுகச் செய்யும் ஆஸ்பெஸ்டோசிஸ் நோய் தலைகாட்டப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்கு முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆவதுண்டு. இங்கேதான் சட்டம் திகைத்து நின்றது. நோய் வெளிப்படும்போது தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார், ஆலை மூடப்பட்டிருக்கும், வழக்குத் தொடரும் கெடுவும் முடிந்திருக்கும்!

இங்கிலாந்தில் ராச்டேல் நகரக் கல்நார் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற பெண்மணி 1924-இல், தமது 33-ஆம் வயதில் இறந்தார். அவருக்கு நஷ்டஈடு தர ஆலை மறுத்துவிட்டது. நஷ்டஈட்டுச் சட்டப் பட்டியலில் அந்நோய் அன்று இடம்பெறவே இல்லை. அமெரிக்காவில் 33 ஆண்டுகள் வெப்பக்காப்பு வேலை செய்த கிளாரன்ஸ் போரெல் 1969-இல் வழக்குத் தொடுத்தார்; விசாரணைக்கு முன்பே இறந்துபோனார். ஆபத்தைப் பற்றி எச்சரிக்காத உற்பத்தியாளர்களே பொறுப்பு என்ற தீர்ப்பை 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. பிறகு வழக்குகள் வெள்ளமாகப் பெருகின. ஜான்ஸ்-மான்வில் என்னும் பெரிய நிறுவனம், கையில் பணமிருந்தும், வரப்போகும் வழக்குகளை எண்ணி 1982-இல் திவால் சட்டத்தில் அடைக்கலம் தேடியது.

கெடுவின் கொடுமைக்கு இத்தாலியைப் பாருங்கள். எடர்னிட் ஆலைகளின் முன்னாள் உரிமையாளருக்கு 2012-இல் டூரின் நீதிமன்றம் 16 ஆண்டுச் சிறை விதித்தது. 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கையே தள்ளிவிட்டது. ஆலைகள் 1986-இல் மூடப்பட்டுவிட்டனவாம்; அதிலிருந்து எண்ணினால் காலம் கடந்துவிட்டதாம்!

நம் நாட்டில் ஆமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றார் நீதிபதி கே. ராமசாமி. குஜராத்தில் நோய்க்கு ஆளானதாகச் சொல்லப்பட்டவர்களைத் தேசியத் தொழில்சார் சுகாதார நிலையம் மறுபடி சோதிக்க வேண்டும். நோய் உறுதியானால் ஆலை மூன்று மாதத்துக்குள் ஒரு லட்ச ரூபாய் தர வேண்டும். இத்தொகை போதுமா என்றால், போதாது என்பேன். ஆனால் அதே தீர்ப்பில் இன்னோர் உத்தரவும் இருக்கிறது. ஒவ்வொரு கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை காக்க வேண்டும். அந்த 40 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? நோய் எவ்வளவு நிதானமாக வருகிறதோ, ஏடும் அவ்வளவு காலம் காத்திருக்கிறது! தொகையைவிட இதுவே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏடில்லாமல் எந்த வழக்கும் நிற்காது அல்லவா?

கல்நாரை அடியோடு தடை செய்யக் கோரிய மனுவை 2011-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் 1995-ஆம் ஆண்டு உத்தரவுகளைப் பின்பற்றியாக வேண்டும் என்றது. பிரிட்டன் 1999-இலேயே தடை செய்த வெள்ளைக் கல்நாரை நாம் இன்னும் இறக்குமதி செய்கிறோம். ஆகவே ஏட்டின் வேலை முடியவில்லை. பெயரே பதியாமல் கூலிக்கு வைக்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏடு ஏது என்பது தனிக் கேள்வி. பெயர் பதிந்தவர்களுக்கு, தீர்ப்பு வந்த ஆண்டிலேயே வேலையில் சேர்ந்தவரானால், அவருடைய ஏடு 2035 வரையாவது ஆலையில் இருந்தாக வேண்டும்.