விதை எடுத்த கை

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது அம்மா வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு நஷ்டப் பட்டியல் எழுதியது நான்தான். ஃபிரிட்ஜ், கிரைண்டர், இரண்டு பீரோ, மெத்தைகள், தையல் மெஷின். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். "விதை டப்பா?" என்று கேட்டாள் அம்மா. அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு தகர டப்பா இருக்கும். அதற்குள் அவரை, புடலை, கத்தரி, தக்காளி என்று சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். சேற்றில் ஊறி எல்லாம் கூழாகிக் கிடந்தன. "அதுக்கு என்ன விலைன்னு எழுதறது?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. பட்டியலில் அது சேரவும் இல்லை.

இழந்தது என்ன என்று எனக்கு அடுத்த வருஷம்தான் புரிந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1974இல் கல்யாணமாகித் தாம்பரம் வந்தபோது அம்மா கொண்டுவந்த தக்காளி அது. தட்டையாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். பழுத்தாலும் காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பச்சை நிற்கும். தோல் மெல்லியது, பறித்து இரண்டு நாள் தாங்காது. ஆனால் ஒரு பழத்தைக் கையால் பிசைந்து ரசத்தில் விட்டால் வாசனை வாசல்வரை வரும். அந்த ருசிக்கு விதை தேடி அலைந்ததில்தான் எனக்கு இந்த வரலாறு கிடைத்தது.

முதலில் கடைப் பாக்கெட் வாங்கினேன். செடி நன்றாகவே காய்த்தது. பழம் பளபளவென்று, கீழே போட்டால் உடையாத பழம். ருசி இல்லை. இருந்தாலும் விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டேன். ஒரு செடி உயரம், ஒரு செடி குட்டை, ஒன்றின் காய் உருண்டை, இன்னொன்றின் காய் நீளம். பாக்கெட்டில் இருந்தது கலப்பின விதை. இரண்டு வேறு தாய் தகப்பன் வழிகளைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து போய்விடும். நாட்டுத் தக்காளி அப்படியில்லை. அதன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. அதனால்தான் ஒரு பெண் சமையலறையில் உட்கார்ந்துகொண்டே ஒரு ரகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்ற முடிந்தது.

தக்காளி என்ற பெயரே கதை சொல்லும். தமிழில் அந்தப் பெயர் முதலில் இந்தப் பழத்துக்கு உரியதல்ல. மணத்தக்காளியும், உறைக்குள் காய்க்கும் சொடக்குத் தக்காளியும்தான் நம் பழைய தக்காளிகள். தென் அமெரிக்காவில் பிறந்து, மெக்சிகோவில் தோட்டப் பயிராகி, ஐரோப்பியக் கப்பல்களில் இங்கே வந்த பழத்தைச் சீமைத் தக்காளி என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்தது. 1889 முதல் 1893 வரை வெளியான ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி, இந்தச் செடி இன்னும் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுகிறது, உள்நாட்டு மக்கள் இப்போதுதான் இதை விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்கிறது. பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றைக்கும் தக்காளி சேராது. அது அந்நியம் என்ற நினைவு அங்கே மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'உள்நாட்டு மக்கள் விரும்பத் தொடங்கினார்கள்' என்று எழுதுவது சுலபம். விரும்பவைத்தது யார்? புளி கரைத்த குழம்பில் இதைச் சேர்த்தால் புளியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அளந்தவர்கள் யார்? அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள்தான். பிடித்த பழத்தின் விதையைக் கொல்லையில் தெளித்தவர்களும் அவர்கள்தான். சீமைத் தக்காளி 'நாட்டு'த் தக்காளி ஆனது இப்படித்தான்.

அம்மா விதை எடுக்கும் முறையைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். முதல் காய்ப்பில் எடுக்க மாட்டாள், கடைசியிலும் எடுக்க மாட்டாள். நடுவில், நோய் படாத செடியாகப் பார்த்து அதில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிடுவாள். அதைப் பறித்தால் அடி விழும். அந்தச் செடியின் மற்றொரு பழத்தை முதலில் தின்று பார்ப்பாள். பிடித்தால்தான் விதை. சதையோடு பிழிந்து கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க விட்டு, நுரை கட்டியதும் அலசி, சாம்பல் புரட்டி நிழலில் உலர்த்துவாள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, நொதித்தால் அவை நீங்கும் என்று நான் பிறகு புத்தகத்தில் படித்தேன். அம்மாவுக்கு அது 'புளிக்கலேன்னா சரியா முளைக்காது', அவ்வளவுதான்.

விதை ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போனபோது, தின்று பார்ப்பது என்ற அந்த ஒரு படி நழுவிப்போயிற்று. தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் கேள்விப்படும் ரகம் பி.கே.எம்.1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் செயற்கையாகச் சடுதிமாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து தேர்ந்தெடுத்தது. தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்று ஓர் ஊரே இருக்கிறது. ரகத்தை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது. அதற்கு முன்னால் அன்னஞ்சித் தக்காளியை அன்னஞ்சித் தக்காளியாக வைத்திருந்த கைகளுக்கு அங்கே இடமில்லை. ஹெக்டேருக்கு இத்தனை டன், இத்தனை நாள், தொலைதூரம் கொண்டுபோகத் தாங்கும் என்று ரகத்தின் பெருமைகள் வரிசையாக வரும். டன்னுக்கு அலகு உண்டு; வாசனைக்கு அம்மாவின் மூக்குதான் அலகு.

ஒன்றை மட்டும் நன்றியோடு சொல்ல வேண்டும். பி.கே.எம்.1 தட்டை உருண்டை. அதன் காய்க்குப் பச்சைத் தோள் உண்டு. அந்தப் பச்சைத் தோள் சாதாரண விஷயமல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆன் பவல் முதலியோர் 2012இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒன்றுபோலச் சிவக்க வேண்டும் என்று சுமார் 70 ஆண்டுகளாக உலகெங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்துவந்தார்கள். எப்போது பறிக்கலாம் என்று தெரிந்துகொள்ள அது வசதி. ஆனால் அப்படித் தேர்ந்தெடுத்ததில், காயில் பசுங்கணிகங்களைப் பெருக்கும் ஒரு மரபணு செயலிழந்துபோனது. பசுங்கணிகம் குறைந்தால் சர்க்கரையும் குறையும். 'தோள் பச்சையா இருக்கிற காயை விதைக்கு விடு' என்று அம்மா சொன்னதை ஆய்வகம் சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பிறகு கலப்பினம் வந்தது. பெங்களூரில் 1965இல் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனம் 1973இல் 'கர்நாடகா' என்ற கலப்பினத் தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988இன் புதிய விதைக் கொள்கை தனியார் நிறுவனங்களுக்கும் இறக்குமதிக்கும் கதவை அகலத் திறந்தது. இன்றைக்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் 'நாடா, பெங்களூரா' என்று கேட்டுத்தான் நிறுப்பார்கள். கோலார், மதனப்பள்ளிப் பக்கமிருந்து லாரியில் குலுங்கிக் கோயம்பேடு வந்து நம்மிடம் சேரும் பழம் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். அதில் வியாபாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இங்கே ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. விதை பெண்களின் கையை விட்டுப் போய்விட்டது என்கிறோம். உரிமைதான் போனது, வேலை போகவில்லை. கலப்பினத் தக்காளி விதையை இயந்திரம் செய்வதில்லை. மறுநாள் மலரப்போகும் மொட்டைத் திறந்து, இடுக்கியால் மகரந்தப் பைகளை அகற்றி, அடுத்த நாள் வேறொரு செடியின் மகரந்தத்தை ஒவ்வொரு சூல்முடியிலும் தொட்டுவைக்க வேண்டும். கர்நாடகத்தின் ராணிபென்னூர்ப் பகுதியில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், சிறுமிகளும் செய்திருக்கிறார்கள். 'பெண்களின் விரல் மெல்லியது' என்று காரணம் சொல்வார்கள். மெல்லிய விரலுக்குக் கூலியும் மெல்லியதாகவே இருக்கிறது. அந்த விரல்கள் செய்த விதையின் தாய் தகப்பன் யார் என்பது நிறுவனத்தின் ரகசியம்.

படித்த பெண்ணுக்கு மட்டும் வழி திறந்திருந்ததா? தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது தக்காளிக் குடும்பத்துச் செடியான நிக்காண்ட்ரா ஃபிசலோடிஸின் குரோமோசோம்களை ஆராய்ந்துதான். அந்தப் பெயரின் பின்பாதிக்கே 'சொடக்குத் தக்காளி போன்றது' என்று பொருள். சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1955இல், மனிதர் பூமியை மாற்றியமைத்த விதம் பற்றிப் பிரின்ஸ்டனில் உலக அறிஞர்கள் கூடியபோது அழைக்கப்பட்ட ஒரே பெண். 1984இல் மதுரவாயலில், பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் இருந்தபோது காலமானார். எங்கள் வீட்டிலிருந்து மதுரவாயல் ஒரு பஸ் தூரம். நான் தாவரவியல் படித்த மூன்று வருஷத்தில் அவர் பெயர் ஒருமுறைகூட வகுப்பில் வரவில்லை.

இதையெல்லாம் சொல்லி அடுக்களையைப் புகழ நான் வரவில்லை. விதை எடுப்பது கூலியில்லாத வேலை. அம்மாவின் பிறந்த வீட்டு நிலம் அவளுடைய தம்பிகள் பெயரில் இருக்கிறது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1989இல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை அது கணக்கில் எடுக்கவில்லை. நிலம் கிடைக்காதவள் விதையை முடிந்துகொண்டு வந்தாள். என்னை அந்த டப்பாப் பக்கமே வரவிடாமல் 'போய்ப் படி' என்று விரட்டியதும் அவள்தான். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்கான விலையையும் நாங்கள் இருவரும் சேர்ந்தே கொடுத்திருக்கிறோம்.

2001இன் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை மாணவிகள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் பயிர் செய்பவரை மட்டும் அது உழவர் என்று சொல்லவில்லை. பாரம்பரிய ரகங்களைப் பேணிக் காப்பவரும், தேர்ந்தெடுத்துப் பயனுள்ள குணங்களை இனங்கண்டு அவற்றின் மதிப்பைக் கூட்டுபவரும் உழவரே. பட்டா கேட்கவில்லை. விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பரிமாறிக்கொள்ள, விற்க உழவருக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயரில் விற்கக் கூடாது, அவ்வளவுதான். துணிக் கிழிசல் கட்டிய என் அம்மா இந்தச் சட்டத்தின்படி உழவர். அதை அவளிடம் சொன்னபோது சிரித்தாள்.

இப்போது மாடியில் பி.கே.எம்.1 வளர்க்கிறேன். இங்கே கோடையின் இரவுச் சூட்டில் பூ பிடிக்காமல் உதிரும். அதனால் புரட்டாசியில் நாற்று விட்டு, மழைக்கு மறைத்து வைத்து, தையிலும் மாசியிலும் பறிக்கிறேன். மூன்று வருஷமாகப் பச்சைத் தோள் நன்றாகத் தெரியும் செடிகளிலிருந்து மட்டும் விதை எடுக்கிறேன். சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் நான்கு வீட்டுப் பெண்களிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளம் ஒரு வீட்டுக்கு வந்தால் இன்னொரு வீட்டில் இருக்கட்டும் என்று.

போன மாசியில் முதல் பழத்தை அம்மாவிடம் கொடுத்தேன். பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மீதியை மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"புளிப்பு சரியா வந்திருக்கு. வாசனைதான் பத்தல. அந்த ஓரத்துச் செடியில துணி கட்டிவை, அடுத்த வருஷம் பாப்போம்."