போ வீதியின் பார்வையற்ற நீதிபதி

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் லண்டன் மாநகரில் திருட்டும் வழிப்பறியும் மலிந்திருந்தன. அவற்றை அடக்கவேண்டிய மாஜிஸ்திரேட்டுகளில் பலரோ, சம்பளமின்றி வழக்குக் கட்டணத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்தபடியால், வழக்குகள் பெருகுவதே லாபமென்று கருதி, ஜனங்களின் அவமதிப்புக்குப் பாத்திரமாகியிருந்தார்கள். அந்தப் பதவிக்குக் கௌரவத்தை மீட்டுத் தந்தவர்கள், ஒரு தகப்பனுக்கு இரு தாய்மார் வயிற்றில் பிறந்த சகோதரர் இருவர். மூத்தவர் 'டாம் ஜோன்ஸ்' நாவலை எழுதிய ஹென்றி ஃபீல்டிங். இளையவர், 1721-இல் பிறந்து, கடற்படையில் இருந்தபோது நேர்ந்த விபத்தினால் 19-ஆம் வயதில் பார்வையை இழந்த ஜான் ஃபீல்டிங். தமையனாரிடமே சட்டம் பயின்று, அவருக்கு உதவியாக இருந்து, 1754-இல் அவர் லிஸ்பனில் காலமானபின் லண்டனின் போ வீதியில் தமையனார் வகித்த நியாயாசனத்தில் ஜான் அமர்ந்தார்.

கண்களின்மேல் கறுப்புப் பட்டை கட்டி, ஆசனத்திலிருந்து இறங்கும்போது மெல்லிய பிரம்பொன்றை முன்னே வீசி வழி அறிந்துகொண்டு நடந்த அவரை, லண்டனில் அறியாதவர் இல்லை. விசாரணையில் கைதியின் முகக்குறி அவருக்குப் பயன்படாது. ஆகவே, குரலின் ஏற்ற இறக்கத்தையும், பதிலுக்குமுன் நேரும் தயக்கத்தையும், சாட்சி ஒரு சொல்லை மாற்றிச் சொல்வதையும் அவர் உன்னிப்பாகக் கவனித்தார். மூவாயிரம் திருடர்களைக் குரலைக்கொண்டே அடையாளம் காணுவார் என்பது அக்காலத்து ஐதீகம். எண்ணிக்கை எவ்வாறாயினும், அந்த நம்பிக்கையே குற்றவாளிகளுக்குப் பெரும் பீதியாயிருந்திருக்க வேண்டும்.

ஆயினும், அவருடைய மேதை அந்த ஞாபகசக்தியில் இல்லை என்பதே என் கருத்து. தம் சிரத்தில் இருந்ததைத் தம்மோடு மறையவிடாமல் காகிதத்தில் ஏற்றியதே அவர் செய்த அரிய காரியம். பொருளைப் பறிகொடுத்தவர்கள் காலதாமதமின்றிப் போ வீதிக்குச் செய்தி அனுப்பவேண்டுமென்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். 1772 முதல், தப்பியோடிய குற்றவாளிகளின் அங்க அடையாளங்களையும் களவுபோன பொருள்களின் விவரங்களையும் அச்சிட்டு நாடெங்கும் உள்ள மாஜிஸ்திரேட்டுகளுக்கு அனுப்பிவந்தார். போலீஸ் கெஜட் என்னும் வெளியீடு அதிலிருந்து வளர்ந்ததே. தாம் ஒருநாளும் காணமுடியாத முகங்களை ஊரார் கண்டுகொள்ளும்படி எழுதிவைத்தவர் அவர்.

1761-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1763-இல் நெடுஞ்சாலைகளைக் காக்கக் குதிரைப்படை ஒன்றை ஏற்படுத்தினார். பலன் கண்கூடாக இருந்தும், செலவைக் கருதி அரசாங்கம் அதைச் சீக்கிரமே கைவிட்டது. தெருவில் திரிந்த சிறுவர்களுக்கு உடை கொடுத்துக் கப்பல்களுக்கு அனுப்பும் பணியிலும் அவர் ஈடுபட்டார். யுத்த காலத்தில் போர்க்கப்பலுக்கு அனுப்புவதை முழுத் தர்மமென்று கொள்ள என் மனம் துணியவில்லை. லாம்பெத்தில் 1758-இல் தொடங்கிய அநாதைப் பெண்களின் விடுதியோ ஐயமற்ற புண்ணியம்.

1780 ஜூனில், கத்தோலிக்கருக்கு எதிராக லண்டனில் மூண்ட கார்டன் கலகத்தின்போது ஜனக்கும்பல் போ வீதி வீட்டைச் சூறையாடி, கால் நூற்றாண்டாகச் சேர்த்த தஸ்தாவேஜுகளைத் தெருவில் போட்டு எரித்தது. நோயுற்றிருந்த ஜான் ஃபீல்டிங் அந்தச் செப்டம்பரில் காலமானார். லண்டன் போலீஸின் சரித்திரத்தை, மெட்ரோபாலிட்டன் போலீஸ் ஏற்பட்ட 1829-இலிருந்து தொடங்குபவர்கள் இவருடைய உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமன்று.