வட்டுப் படிமங்களில் விடுபடும் இடைவெளி: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

ஐபிஎம் நிறுவனம் 1971இல் 8 அங்குல நெகிழ்வட்டை (பிளாப்பி) வெளியிட்டது. 1973இல் வந்த அதன் 3740 அமைப்பு, வட்டை 77 தடங்களாகவும், ஒவ்வொரு தடத்தையும் 128 பைட்டு கொண்ட 26 கூறுகளாகவும் (செக்டார்) பகுத்தது. கூறுகளுக்கிடைப்பட்ட பகுதி ஆங்கிலத்தில் 'கேப்' எனப்பட்டது. தமிழில் இது 'இடைவெளி' ஆகும். எனினும் இவ்வெளி வெறுமையன்று.

1987இல் பரவத் தொடங்கிய 1.44 மெகாபைட் வட்டில் ஒரு தடத்தின் கொள்ளளவு 12,500 பைட்டு, கூறுகள் 18. ஒவ்வொரு கூறும் 512 பைட்டுத் தரவோடு முகவரி, சரிபார்ப்பு எண் முதலியவற்றையும் சேர்த்து 574 பைட்டு கொள்ளும். அதனையடுத்து 108 பைட்டு இடைவெளி அமையும். அதில் 78 என்னும் மதிப்பே திரும்பத் திரும்ப எழுதப்பெறும். ஒரு கூறைத் திருத்தி எழுதும் இயக்கி வட்டைச் சற்றே விரைந்து சுழற்றினால் தரவு நீண்டு, அடுத்த கூறின் முகவரியை அழிக்கக்கூடும். இம்மிகையை ஏற்பதே இடைவெளியின் பணி.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இடம்பெற்ற என்இசி 765 கட்டுப்படுத்தி, 'கேப் லெங்த்' என்னும் ஒரே பெயரை இரு கட்டளைகளில் ஆள்கிறது. வடிவமைப்புக் கட்டளையில் அது எழுதப்பெறும் இடைவெளியின் நீளம்; மேற்கூறிய வட்டிற்கு 108. படித்தல், எழுதுதல் கட்டளைகளில் அது கூறின் முடிவில் கட்டுப்படுத்தி கவனியாது கடக்கும் அளவு. அதே வட்டிற்கு 27. இரண்டையும் 'இடைவெளி நீளம்' என்றே பெயர்த்தால் படிப்பவர் ஒன்றின் மதிப்பை மற்றொன்றிற்கு இடுவர். பின்னதைக் 'கடப்பளவு' எனல் தகும்.

கூறுகளை மட்டும் வரிசையாகப் படியெடுக்கும் வட்டுப் படிமத்தில் 14,74,560 பைட்டுத் தரவு எஞ்சும், இடைவெளி எஞ்சாது. படிமத்தை மீண்டும் வட்டில் எழுதுவோரே அதனை நிரப்ப வேண்டும். மைக்ரோசாஃப்ட் 1990களில் மென்பொருள் வழங்கப் பயன்படுத்திய 21 கூறு வட்டில், தடத்தின் தொடக்கப் பகுதிக்குரிய 146 பைட்டு நீங்கலாக, இடைவெளிக்குக் கூறு ஒன்றுக்கு ஏறத்தாழ 14 பைட்டே கிடைக்கும். வழக்கமான 108ஐ இட்டால் கடைசி மூன்று கூறுகளுக்கு இடமிராது.

ஓலைச்சுவடியில் சொல்லிடைவெளி இல்லை. பதிப்பாசிரியர் அதனைப் படியில் சேர்த்தார். நெகிழ்வட்டிலோ மூலத்தில் இருந்தது படியில் மறைகிறது. ஆகவே, பழைய வட்டுகளிலுள்ள நூல்களைப் படிமமாகக் காப்போர் கூறுகளின் எண்ணிக்கையோடு இடைவெளியின் மதிப்பையும் விவரக்குறிப்பில் பதிதல் இன்றியமையாதது.