பிரெஞ்சு வழியாக இலத்தீன்

ஒரு மொழியை அதே மொழியின் வாயிலாகக் கற்பிப்பதா, அல்லது மாணாக்கன் வீட்டில் பேசும் மொழியின் வாயிலாகக் கற்பிப்பதா என்னும் கேள்வி, தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நமக்குப் புதியதன்று. டெல்லியில் நம் பிள்ளைகள் சமஸ்கிருத விதிகளை இந்தி விளக்கத்தோடு மனப்பாடம் செய்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஏறத்தாழ முந்நூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி பிரான்சு தேசத்தில் ஒரு சிறு இலக்கண நூலின் உருவில் எழுந்தது. அந்நூல் 1644-இல் பாரிசு நகரில் வெளிவந்தது. இலத்தீன் மொழியை எளிதாகவும் குறுகிய காலத்திலும் கற்பதற்குரிய புதிய முறை என்பது அதன் பெயர். அதில் புதுமை யாதெனில், இலத்தீன் இலக்கணம் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது என்பதே. இன்று நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. அன்று அது துணிச்சல்.

அதற்கு முன் இருந்த நிலையைச் சற்றுப் பார்ப்போம். இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீன் திருச்சபையின் மொழி; பல்கலைக்கழகத்தின் மொழி; மருத்துவனும் வழக்கறிஞனும் பயின்ற மொழி. சிறுவர்கள் எழுத்துக் கூட்டப் பழகியதே இலத்தீன் ஜபங்களைக் கொண்டுதான். அதன்பின் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட இலக்கணமும் இலத்தீன் செய்யுள். நார்மண்டியைச் சேர்ந்த அலெக்சாந்தர் என்பார் 1199-இல் இரண்டாயிரத்து அறுநூறு அடிகளுக்கு மேற்பட்ட செய்யுள் இலக்கணம் ஒன்றை இயற்றினார். அது முந்நூறு ஆண்டுகள் பள்ளிகளை ஆண்டது. பின்னர் அதன் இடத்தைப் பிளாண்டர்சு நாட்டுத் தெப்போத்தேர் என்னும் ஆசிரியரின் இலக்கணம் பிடித்துக்கொண்டது. தெப்போத்தேர் 1520-இல் மறைந்தார். அவருடைய நூலோ அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது. ஆடவரைக் குறிக்கும் பெயர்கள் ஆண்பால் என்னும் எளிய செய்தியை அறிவதற்கும் சிறுவன் முதலில் அதைச் சொல்லும் இலத்தீன் அடியைப் புரிந்துகொள்ள வேண்டும். அதைப் புரிந்துகொள்ள இலத்தீன் தெரிந்திருக்க வேண்டும். மாடிக்குச் சென்றால்தான் படிக்கட்டு கிடைக்கும் என்பது போன்ற ஏற்பாடு அது!

நாடக ஆசிரியர் மோலியேர் 1671-இல் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தில் இதனை நன்றாகக் கேலி செய்திருக்கிறார். எஸ்கர்பாஞாசு சீமாட்டியின் மகன், வந்திருக்கும் விருந்தினர் முன் தன் பாடத்தை ஒப்பிக்கிறான். தெப்போத்தேரின் இலத்தீன் அடி அவன் வாயிலிருந்து வருகிறது. அதன் ஒலி, பிரெஞ்சுக் காதுக்குத் தகாத சொல் ஒன்றைப்போல் கேட்கிறது. சீமாட்டிக்குக் கோபம் பொங்குகிறது. அந்தத் தெப்போத்தேர் மரியாதை அறியாதவர் என்று ஏசுகிறாள். இனிமேல் கண்ணியமான இலத்தீனைக் கற்பிக்குமாறு ஆசிரியருக்கு ஆணையிடுகிறாள். புதிய முறை அச்சாகி இருபத்தேழு ஆண்டுகள் சென்ற பின்னும் பழைய நூல் பள்ளிகளில் உயிரோடு இருந்தமைக்கு இந்தச் சிரிப்பே சான்று.

ஏசு சபையினரின் கல்லூரிகள் அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே சிறந்தவை. 1599-இல் அவர்கள் வகுத்த கல்வித் திட்டம் இலத்தீனைப் பேசும் மொழியாகவே பயிற்றியது. நாடகம் நடிப்பதும் இலத்தீனில். சொற்போர் புரிவதும் இலத்தீனில். அந்நாளையப் பள்ளிகள் பலவற்றில் 'சிக்னும்' என்னும் அடையாளப் பொருள் ஒன்று வழங்கி வந்தது. தாய்மொழி பேசி அகப்பட்ட சிறுவனிடம் அது கொடுக்கப்படும். அவன் இன்னொருவன் பேசக் கேட்டால் அவனிடம் தள்ளிவிடலாம். நாள் முடிவில் அது எவனிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. இப்பொருளை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இலத்தீனை இலத்தீனாலேயே கற்பிக்கும் முறை வெற்றி பெற்ற இடமே இல்லையா என்றால், உண்டு. 1533-இல் பிறந்த மோந்தேன் என்னும் பேரறிஞரின் தந்தையார், பிரெஞ்சு அறியாத ஜெர்மானிய ஆசிரியர் ஒருவரை வீட்டில் அமர்த்தினார். குழந்தையிடம் இலத்தீன் அன்றி வேறு பேசக்கூடாது என்பது கட்டளை. தாயும் வேலைக்காரரும்கூட அதற்கு வேண்டிய அளவு இலத்தீன் சொற்களைக் கற்றுக்கொண்டனர். ஆறு வயது வரை குழந்தைக்கு இலத்தீனே தாய்மொழி. பின் போர்தோ நகரத்துக் கல்லூரிக்குச் சென்றதும் தம் இலத்தீன் கெட்டுப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் தம் பெருநூலை 1580-இல் வெளியிட்டது பிரெஞ்சில். பொருள் வசதியுள்ள ஒரு குடும்பம் வீட்டையே உரோமாபுரி ஆக்கியும் கிடைத்த பலன் இவ்வளவு. ஊர்ப்பள்ளிச் சிறுவனுக்கு அந்த வசதி ஏது?

இதற்கிடையில் அச்சகத்தார் ஒருவர் ஓசையின்றி ஒரு காரியம் செய்தார். அவர் பெயர் இரொபேர் எத்தியேன். 1538-இல் இலத்தீன் சொற்களுக்குப் பிரெஞ்சுப் பொருள் தரும் அகராதியையும், மறு ஆண்டே பிரெஞ்சுச் சொற்களை முன்னிறுத்தி இலத்தீன் தரும் அகராதியையும் வெளியிட்டார். இரண்டாவது அகராதியின் நோக்கம் இலத்தீன் கட்டுரை எழுதும் மாணவருக்கு உதவுவதே. ஆயினும் பிரெஞ்சுச் சொற்கள் முதன்முதலாக வரிசையில் நின்றது அந்நூலில்தான். பிரெஞ்சு அகராதி இலத்தீனுக்குப் பணிவிடை செய்யப் பிறந்தது என்று சொல்லலாம். நீதிமன்ற ஆவணங்கள் பிரெஞ்சில் எழுதப்பட வேண்டும் என்று மன்னர் முதலாம் பிரான்சுவா ஆணையிட்டதும் அதே 1539-இல்தான்.

இனி 1644-இன் நூலுக்கு வருவோம். பாரிசுக்குத் தென்மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் போர் ருவாயால் என்னும் பெண் துறவியர் மடம் இருந்தது, 1204-இல் நிறுவப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் அதைச் சுற்றிச் சமயப் பற்று மிக்க ஆடவர் சிலர் ஒதுங்கி வாழ்ந்தனர். இறையருளைப் பற்றிய அவர்களது கொள்கை அரசுக்கும் ஏசு சபையினருக்கும் உவப்பாக இல்லை. அவர்களுக்கு வழிகாட்டியான சேன் சிரான் பாதிரியாரை அமைச்சர் ரிஷ்லியூ 1638-இல் சிறையில் அடைத்தார். 1643-இல் விடுதலையான அவர் அவ்வாண்டே மறைந்தார். அவருடைய எண்ணத்தில் உருவான 'சிறு பள்ளிகள்' மட்டும் தொடர்ந்தன. பெயருக்கேற்ப அவை மிகச் சிறியனவே. ஓர் ஆசிரியரின் பொறுப்பில் ஐந்தாறு பிள்ளைகள். எழுத்தறிவையும் அங்கே பிரெஞ்சிலிருந்தே தொடங்கினர். தெரிந்த சொல்லை வாசிக்கும் குழந்தைக்கு வாசிப்பில் பொருள் தெரியும் அல்லவா?

அப்பள்ளிகளின் ஆசிரியர் கிளோது லான்சலோ. புதிய முறையை எழுதியவர் இவரே. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும், நாம் அறிந்ததே அறியாததைக் காட்டும் விளக்கு என்பது அவர் முன்னுரையின் சாரம். செய்யுளை அவர் கைவிடவில்லை; இலத்தீன் செய்யுளுக்குப் பதிலாக விதிகளைச் சிறு பிரெஞ்சுச் செய்யுள்களாக அமைத்தார். நன்னூல் சூத்திரங்களை உருப்போட்டு வளர்ந்த நம் மரபினர்க்கு அதன் பயனை விளக்க வேண்டுவதில்லை. பின் வந்த பதிப்புகளில் சாஞ்செஸ், சியோப்பியுஸ், வாசியுஸ் ஆகிய அறிஞர்களின் ஆராய்ச்சிகளையும் சேர்த்தார். 'குறுகிய காலத்தில்' என்று தொடங்கிய நூல் பல நூறு பக்கங்களாகப் பருத்தது. சுருக்கப் பதிப்பு வேறு வேண்டியதாயிற்று.

பிரெஞ்சுச் சிறுவனுக்கு இலத்தீனில் முதல் தடை வேற்றுமை. இலத்தீனில் ரோஸா என்றால் ரோஜா. ரோஸாம் என்றால் ரோஜாவை. ரோஸே என்றால் ரோஜாவின். பிரெஞ்சில் பெயர் மாறுவதே இல்லை. முன்னே ஒரு சிறு சொல் வந்து நிற்கும், அல்லது வாக்கியத்தில் அமர்ந்த இடம் பொருளைக் காட்டும். தமிழ்ச் சிறுவனுக்கு இத்தடை பாதிதான். 'இராமன் கண்ணனைக் கண்டான்', 'கண்ணனை இராமன் கண்டான்' இரண்டும் ஒன்றே என்பது அவனுக்குப் பிறப்போடு வந்த அறிவு. பிரெஞ்சுச் சிறுவனுக்கு அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும். அவனுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும்.

ஆனால் பிரெஞ்சு இலத்தீனுக்கு மகள் அல்லவா? மகள் தாயை நினைவூட்டுவாள். சில வேளை ஏமாற்றவும் செய்வாள். மலரைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'ப்ளோஸ்' ஆண்பால். அதிலிருந்து வந்த பிரெஞ்சு 'ப்ளேர்' பெண்பால். மரத்தைக் குறிக்கும் 'ஆர்போர்' பெண்பால். அதன் வழி வந்த 'ஆர்ப்ர்' ஆண்பால். இலத்தீன் 'நெக்காரே' கொல்லுதலைக் குறிக்கும்; அதன் பிரெஞ்சு வழித்தோன்றல் 'நுவயே' நீரில் மூழ்கடித்தலை மட்டும் குறிக்கும். ஆதலால் பிரெஞ்சு வழியாகச் செல்பவன், பிரெஞ்சை நம்ப வேண்டிய இடம் எது, நம்பலாகாத இடம் எது என்று தேர வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதை உறுதியாகச் சொல்வோம்: தொலைவில் உள்ள மொழியைவிட உறவு மொழியே எழுதுகோலை அதிகமாகச் சறுக்கவைக்கும்.

போர் ருவாயாலில் இலத்தீனில் எழுதப் பழக்குவதைக் காட்டிலும் இலத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்க்கும் பயிற்சிக்கே முதலிடம். 1647-இல் சாசி என்பவர் மாணவருக்காகப் பெத்ருஸின் நீதிக்கதைகளையும், தேரென்சியுஸின் மூன்று நாடகங்களையும், பின்னவற்றில் இளைஞருக்கு ஆகாதவற்றை நீக்கி, பிரெஞ்சில் தந்தார். அங்கே பயின்ற தாய்தந்தையற்ற சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் தாசிதுஸின் உரோம வரலாற்றிலிருந்து கரு எடுத்து 1669-இல் 'பிரித்தானிக்குஸ்' நாடகத்தைப் பிரெஞ்சில் படைத்தான். அவனே ராசின்.

இம்முறையின் எதிர்பாராத விளைவு ஒன்று உண்டு. பல மொழிகளுக்கு இலக்கணம் எழுதிய லான்சலோவுக்கு, எல்லா மொழிக்கும் பொதுவானது எது, ஒரு மொழிக்கே உரியது எது என்னும் ஐயங்கள் தோன்றின. அவற்றை அந்துவான் ஆர்னோ என்னும் சமய அறிஞரிடம் கேட்டார். அவ்வுரையாடலில் விளைந்ததே 1660-இல் வந்த பொது இலக்கணம். இலத்தீனை விளக்க வந்த பிரெஞ்சு, தானே விளக்கப்படும் பொருளாயிற்று. அந்நூலில் ஒரு செய்தி நம்மைப் புன்னகை கொள்ளச் செய்யும்: பெயர்ச்சொல்லில் உண்மையான வேற்றுமை உருபுகள் கொண்டவை கிரேக்கமும் இலத்தீனும் மட்டுமே இருக்கக்கூடும் என்கிறார்கள் அவ்விருவரும். தொல்காப்பியரையோ பாணினியையோ அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

இழந்ததையும் சொல்ல வேண்டும். இலத்தீன் பேச்சுமொழியாக இருந்தவரை அது எல்லா நாட்டு அறிஞருக்கும் பொதுச்சாவடி. இத்தாலியரான நம் வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது இத்தாலிய மொழியில் எழுதவில்லை; இலத்தீனில் எழுதினார். கத்தோலிக்கத் துறவியின் அந்நூலை 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டது மாற்றுச் சபையினரான லூதரன் சங்கத்தாரின் அச்சகம். மொழி பொதுவாக இருந்ததால் பகையாளியும் படித்தான். சிறுவர்கள் இலத்தீனைப் படித்துப் பெயர்க்கும் மொழியாக மட்டும் கற்கத் தொடங்கிய பின், அந்தச் சாவடி மெல்லக் காலியாயிற்று. அதற்குக் காரணங்கள் வேறு பலவும் உண்டு. எனினும் புதிய முறைக்கும் அதில் பங்கு இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். அப்படியிருந்தும், நூற்றில் ஒருவனைப் பேச வைப்பதற்காக மற்றவரைப் பொருள் தெரியாமல் அழவைத்த பழைய முறையை நாம் விரும்பவில்லை.

சிறு பள்ளிகள் 1660-இல் மூடப்பட்டன. துறவியர் 1709-இல் வெளியேற்றப்பட்டனர். அடுத்து மடமே பதினான்காம் லூயி மன்னரின் ஆணையால் இடிக்கப்பட்டது. முறை மட்டும் பிழைத்தது. பாரிசுப் பல்கலைக்கழகத்தின் ரொல்லேன் அதை ஆதரித்தார். 1779-இல் லோமோன் எழுதிய பிரெஞ்சு வழி இலத்தீன் இலக்கணம் நூறாண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் நிலவியது. எனினும் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற விரும்பியவர் 1903 வரை இரண்டு ஆய்வுரைகளில் ஒன்றை இலத்தீனில் எழுத வேண்டியிருந்தது. பெர்க்சோனும் துர்க்கேமும் அவ்வாறு எழுதியவர்களே. 1968-இல் உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பிலிருந்து இலத்தீன் அகற்றப்பட்டது.

லான்சலோ அந்த இடிபாட்டைக் காணவில்லை. ஆசிரியத் தொழிலை விட்டுத் துறவியான அவர், 1680-இல் நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள கெம்பெர்லே மடத்துக்கு அனுப்பப்பட்டு, 1695-இல் அங்கேயே உயிர் நீத்தார். அந்த ஊர் பிரெத்தாஞ்ஞு நாட்டைச் சேர்ந்தது. அங்கு மக்கள் பேசியது பிரெஞ்சு அன்று, பிரெத்தோன் மொழி. அவ்வூர்ச் சிறுவனுக்கு லான்சலோவின் நூலைக் கொடுத்தால், தெரியாத இலத்தீனைத் தெரியாத பிரெஞ்சின் வழியாகவே அவன் கற்க வேண்டும். தெற்கே ஒக்சித்தான் பேசியவர்க்கும், பாஸ்க் மொழியினர்க்கும் அதே நிலைதான். புரட்சிக் காலத்தில் 1794-இல் கிரெகுவார் பாதிரியார் மன்றத்துக்கு அளித்த அறிக்கை, குறைந்தது 60 லட்சம் பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்று கணக்கிட்டது. அவர் அதைச் சொன்னது அம்மொழிகளை ஒழிக்க வேண்டும் என்பதற்காக.

19-ஆம் நூற்றாண்டில் பிரெத்தாஞ்ஞு ஊர்ப்பள்ளிகளில் மீண்டும் ஓர் அடையாளப் பொருள் தோன்றியது. மரத்துண்டாகவோ பழைய மரச் செருப்பாகவோ அது இருக்கும். இம்முறை அது இலத்தீனுக்குக் காவல் நிற்கவில்லை, பிரெஞ்சுக்கு. பிரெத்தோன் பேசி அகப்பட்ட சிறுவனின் கழுத்தில் அதைத் தொங்கவிடுவார்கள். அவன் இன்னொருவன் பேசக் கேட்டால் அவனிடம் தள்ளிவிடலாம்.