கணினி முழுவதையும் ‘டோர்’ வழியே செலுத்துதல்: மறைவது எது, மறையாதது எது?

பாறசாலை: கேரளத்தின் தென் எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்த எல்லையைத் தாண்டி ரேஷன் அரிசி கடத்தப்படுவதும், களியக்காவிளை அருகே வாகனங்கள் பிடிபடுவதும் அடிக்கடி செய்தியாகின்றன. இத்தகைய கடத்தலை நேரில் கண்ட ஒருவர் தம் பெயர் வெளிவராமல் தகவல் அனுப்ப விரும்பினால், அவருடைய கணினி எவற்றையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பது வெறும் தொழில்நுட்ப ஐயம் அன்று.

இணையத்தில் அடையாளம் மறைத்துச் செல்ல உதவும் வலையமைப்புகளில் பெயர்பெற்றது டோர். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990-களில் உருவான கருத்தை அடிப்படையாகக் கொண்ட இதனை, 2006 முதல் டோர் புராஜெக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு பராமரித்து வருகிறது. பயனரின் தரவு, தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று இடைக்கணினிகளைக் கடந்து செல்கிறது. முதற்கணினிக்கு அனுப்புபவரின் முகவரி தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது.

டோர் பிரவுசரை நிறுவியவர்களில் பலர், தங்கள் கணினி முழுவதும் மறைந்துவிட்டதாகக் கருதிக்கொள்கின்றனர். உண்மையில் அந்த உலாவியின் போக்குவரத்து மட்டுமே டோர் வழியே செல்லும். மின்னஞ்சல் செயலி, தானியங்கிப் புதுப்பித்தல், மேகக் கோப்பு ஒத்திசைவு ஆகியவை வழக்கமான பாதையிலேயே, வீட்டு இணைய முகவரியைத் தாங்கியபடி வெளியேறும். இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் கோரிக்கையை ஒரு செயலி நேராக அனுப்பினாலே, எந்தத் தளம் நாடப்பட்டது என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும்.

இதற்காகவே கணினி முழுவதையும் டோர் வழியே செலுத்தும் முறைகள் வந்தன. டெயில்ஸ் என்னும் இயங்குதளம் யூஎஸ்பி கருவியிலிருந்தே இயங்கி, டோர் வழியே செல்லாத இணைப்புகளைத் தடுக்கிறது. அணைத்தபின் கணினியில் தடயம் விடாத வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. இது லினக்ஸ் வகையைச் சார்ந்தது. பள்ளிகளில் லினக்ஸ் கற்பிக்கப்படும் கேரளத்தில் அது அன்னியமான பெயர் அன்று. ஹூனிக்ஸ் வேறு வழியைக் கையாள்கிறது. ஒரே கணினிக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகள் இயங்கும். ஒன்று டோர் வாயிலாகவும் மற்றொன்று பணியிடமாகவும் அமையும். பணியிடத்துக்குள் தீநிரல் நுழைந்தாலும், உண்மையான இணைய முகவரி அதற்கு எளிதில் கிட்டாது.

எனினும் பாதை மறைவதால் உள்ளடக்கம் மறைந்துவிடாது. 2007-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் டான் எகர்ஸ்டாட், தூதரகங்கள் மற்றும் அரசு அலுவலகங்களின் சுமார் 100 மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. அவர் எந்தக் கணினியையும் உடைத்து நுழையவில்லை. டோர் வலையின் கடைசிக் கணினிகள் ஐந்தை நடத்தி, மறையாக்கம் இன்றி வெளியேறிய தரவைப் படித்தார், அவ்வளவே.

கிராமத்துக்கு இன்னும் நெருக்கமான சிக்கல் ஒன்று உண்டு. டோரில் என்ன செய்யப்படுகிறது என்பதை இணையச் சேவை நிறுவனம் காண இயலாது. ஆனால் டோர் பயன்படுத்தப்படுகிறது என்பதைக் காணலாம். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு டோர் வழியே வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் பிடிபட்டது இவ்வாறே. வளாக வலையமைப்பில் அந்நேரத்தில் டோரை அணுகியவர் யார் என்று தேடியபோது விசாரணை அவரை எட்டியது. நகரில் ஆயிரங்களில் ஒருவராக மறைபவர், எல்லைக் கிராமத்தில் தனி ஒருவராகத் தெரியக்கூடும். டோரின் ‘பிரிட்ஜ்’ எனப்படும் பட்டியலிடப்படாத நுழைவுக் கணினிகள் இதனை ஓரளவு மறைக்க உதவுகின்றன.

இணைய மையக் கணினியை நாடுவதும் முழுத் தீர்வு அன்று. 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி பயனரின் அடையாள ஆவணம் சரிபார்க்கப்பட்டு, பதிவுகள் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கப்பட வேண்டும். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது.

கைப்பேசியில் எடுத்த படத்தில் இடமும் நேரமும் பதிந்திருந்தால், அவை எந்தப் பாதையில் சென்றாலும் படத்துடனேயே செல்லும். அவற்றை நீக்கும் கருவி டெயில்ஸில் உண்டு என்றாலும் பயனரே அதனை இயக்க வேண்டும். அதேபோல், சொந்தக் கைப்பேசி எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்நுழைபவர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொடுத்தவர் ஆகிறார். டோர் டிசிபி வகைப் போக்குவரத்தை மட்டுமே ஏற்றுச் செல்வதால் பெரும்பாலான காணொளி அழைப்புகள் அதில் இயங்குவதில்லை. வங்கித் தளங்கள் பலவும் அதனை ஐயத்துடன் நோக்குகின்றன. எனவே இதனைப் பயன்படுத்துவோர் அன்றாட வேலைகளுக்கு வழக்கமான இயங்குதளத்தையும், மறைவாகச் செய்ய வேண்டியவற்றுக்கு மட்டும் தனி யூஎஸ்பியையும் வைத்துக்கொள்வதே வழக்கம்.